அம்மா சந்தனம் பூசிய வாலட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இருபத்து நான்கு சொற்களை எங்கே வைத்திருக்கிறேன் என்று இதில் எழுதப்போவதில்லை. அப்பா அதட்டிக் கேட்டார், சொல்லவில்லை. அக்கா அழுது கேட்டாள், சொல்லவில்லை. எங்கள் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பேரெடுத்த அத்தான் தலையில் அடித்துக்கொண்டு கேட்டும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்தப் பிடிவாதத்தால் எங்கள் வீட்டுக்கு என்ன சேதாரம் என்பதை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊரில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தோம். அப்பாவுக்கு ஃபேக்டரியில் இலை உலர்த்தும் மெஷினில் வேலை. அம்மா கொழுந்து எடுப்பாள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலையில் இருக்கும்வரைதான் அதில் இருக்கலாம். ரிட்டயர் ஆகிறவர் வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தால்தான் சேரவேண்டிய பணம் கைக்கு வரும். காலி செய்ய மனமில்லை என்றால் பிள்ளைகளில் ஒருவர் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் கணக்கில், பேர் கொடுக்க வேண்டும்.

அக்கா கல்யாணமாகி மூணாறு டவுனுக்குப் போய்விட்டாள். மிச்சம் நான். அம்மா கொஞ்ச வருஷத்துக்கு முன்பே முழங்கால் வலியில் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்பா ரிட்டயர் ஆகும் வருஷம் பிறந்ததும் சூப்பர்வைசரிலிருந்து பக்கத்து லயத்துப் பெரியம்மா வரைக்கும் எனக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்தார்கள். "வீட்டுக்காகவாச்சும் பேரக் குடு புள்ள" என்றார்கள். கொடுக்க மாட்டேன் என்றேன். கொழுந்து எடுப்பது கேவலம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வீட்டைக் காட்டி ஒருத்தியை மலையேற வைப்பதுதான் கேவலம். இதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். படித்த திமிர் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள்.

என் பிழைப்பு வேறு. வெளிநாட்டு கேம் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். விளையாட்டில் வரும் பாத்திரங்கள் பேசுகிற தமிழையும் மலையாளத்தையும் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். வாளை உருவிக்கொண்டு வருகிறவன் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று பேசாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. லயத்து வாசலில் நெட்வொர்க் ஒரு கோடுதான் வரும். தண்ணீர் டாங்கி மேல் ஏறினால் முழுசாக வரும். மழை பெய்தால் குடையைப் பிடித்துக்கொண்டு டாங்கி மேல் உட்கார்ந்து வேலை பார்ப்பேன். கீழே போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்தக் கம்பெனி சம்பளத்தைக் கிரிப்டோவாகத்தான் கொடுக்கும். எனக்கும் முதலில் பயமாகத்தான் இருந்தது. பிறகு படித்தேன், கேட்டேன், வரி கட்டும் முறையைத் தெரிந்துகொண்டேன். விலை ஏறும், குதிக்கும் என்று காத்திருக்கிற ஆசை எனக்கு இல்லை. டாலர் மதிப்போடு நிற்கிற வகையாக மாற்றி ஒரு ஹார்டுவேர் வாலட்டில் வைத்துக்கொண்டே வந்தேன். அப்பா ரிட்டயர் ஆவதற்குள் ஒரு வீடு வாங்க வேண்டும். அது ஒன்றுதான் குறி.

ஹார்டுவேர் வாலட் என்பது கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னக் கருவி. பார்க்கப் பென்டிரைவ் மாதிரி இருக்கும். ஒரு குட்டித் திரை, இரண்டு பொத்தான், அவ்வளவுதான். வாலட் என்று பேர் இருந்தாலும் அதற்குள் பணம் கிடையாது. யாருக்கு எவ்வளவு என்பது உலகமெங்கும் உள்ள கம்ப்யூட்டர்களில் பொதுவாகப் பதிவாகியிருக்கிறது. என் பங்கை நகர்த்த என் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தின் ரகசியம் மட்டும் கருவிக்குள் இருக்கிறது. லேப்டாப்பில் செருகினாலும் ரகசியம் வெளியே வராது. லேப்டாப் காகிதத்தை நீட்டும், கருவி உள்ளுக்குள்ளேயே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கும். கருவி கெட்டுப்போனால், ஆரம்பத்தில் அது காட்டிய இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்களை இன்னொரு கருவியில் அதே வரிசையில் கொடுத்தால் போதும். அந்தச் சொற்கள் யார் கையில் கிடைக்கிறதோ அவர்தான் நான்.

நெட் உள்ள கம்ப்யூட்டர் எங்கள் லயத்துப் பொதுக்குழாய் மாதிரி. யார் வந்தார்கள், யார் குடத்தை வைத்துவிட்டுப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, என் லேப்டாப்பிலேயே நடந்தது. ஒரு முறை பணம் அனுப்ப வேண்டிய முகவரியை நகலெடுத்து ஒட்டினேன். நீளமான எழுத்தும் எண்ணுமாகக் கலந்து கிடக்கும் முகவரி அது. கருவியின் குட்டித் திரையில் வந்ததைப் படித்துப் பார்த்தால், நான் நகலெடுத்தது வேறு, இங்கே நிற்பது வேறு. லேப்டாப்புக்குள் எவனோ ஒளிந்திருந்து, நான் ஒட்டுகிற நேரம் தன் முகவரியை மாற்றி வைத்திருக்கிறான். வேண்டாம் என்ற பொத்தானை அழுத்திவிட்டு, லேப்டாப்பை அணைத்தேன்.

லேப்டாப்பை முழுக்கத் துடைத்துக் கொடுத்தவர் அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான்தான். டவுன் ரோட்டில் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. ஜெராக்ஸ், போட்டோ, ரேஷன் கார்டு திருத்தம், பரீட்சை விண்ணப்பம், கேஸ் புக்கிங் எல்லாம் அங்கேதான். எங்கள் லயத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனால் கையோடு போனையும் அவரிடம் நீட்டிவிடுவார்கள். ஓடிபி வந்தால் அவரே பார்த்துக்கொள்வார். பாஸ்வேர்டும் அவரே போட்டுத்தருவார். பிறகு நடு ரோட்டில் நிறுத்தி, "தம்பி, என் பாஸ்வேர்டு என்னாப்பா?" என்று கேட்பார்கள். அவரும் சத்தமாகச் சொல்வார். ஒரு பைசா யாரையும் ஏமாற்றியதில்லை. வசதி இல்லாதவர்களிடம் கூலிகூட வாங்கமாட்டார். அத்தனை நல்ல மனிதர்.

அந்த நல்ல மனிதர் என் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "வைரஸ் எல்லா கம்ப்யூட்டர்லயும் இருக்கும்மா. சளி மாதிரி. அதுக்குப் போயி இப்படி நடுங்குற" என்றார். அப்போதே எனக்குள் ஒரு முடிச்சு விழுந்தது.

வீடு கிடைத்தது ஆனைக்கரையில். அம்மாவின் தம்பி அங்கே ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறார். அவர்தான் பார்த்துச் சொன்னார். ரோட்டோரத்தில் நாலு சென்ட், அதில் ஒரு ஓட்டு வீடு, பின்னால் ஏலக்காய்ச் செடி, பட்டயம் என்கிற நிலப் பத்திரம் சுத்தமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பட்டயம் சுத்தமாக இருக்கும் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வீட்டுக்காரர் பிள்ளைகளோடு வெளிநாடு போகிறவர். தீபாவளிக்கு முன்னால் முழுப் பணமும் கொடுத்து எழுதிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் காத்திருக்கிறது என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிட்டார். அம்மா அந்த வீட்டு அடுப்படியில் நின்று ஜன்னலைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். இருக்கட்டும், அதற்கென்ன, முழுசாகத் தயாராக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்தது ஆயுத பூஜை.

எங்கள் தோட்டத்தில் ஆயுத பூஜை என்றால் ஃபேக்டரி மெஷினிலிருந்து காய் நறுக்கும் கத்தி வரைக்கும் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். அன்று நான் டவுனில் அக்கா வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் சாமி படத்துக்கு முன்னால் வாழை இலை விரித்து, அப்பாவின் ஸ்பேனர், அம்மாவின் பழைய கொழுந்துக் கூடை, என் லேப்டாப், மவுஸ் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நடுவில் பொரி. பொரிக்குப் பக்கத்தில், இலைக்கு நட்டநடுவில், என் வாலட். மேலும் கீழும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்தி இதழும் ஒட்டியிருந்தது. செருகும் ஓட்டை இருக்கும் இடமே தெரியவில்லை. தீர்த்தம் தெளித்து ஈரமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அம்மா!" என்று பாய்ந்தேன். கையில் ஒரு அடி விழுந்தது.

"தொடக்கூடாது. பூஜையில வெச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"அதுக்குள்ள தண்ணி போகக்கூடாதும்மா!"

"வீடே இதுக்குள்ளதான் இருக்குன்னு நீதான சொன்ன? அதான் எல்லாத்தையும்விட இதுக்கு ரெண்டு மடங்கு சந்தனம் வெச்சேன்."

நான் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் பூஜையில் வைத்ததை மறுநாள் காலைக்கு முன்னால் எடுத்தவர் யாரும் இல்லை. என்னுடைய பாடப்புத்தகங்கள் அப்படித்தான் வருஷா வருஷம் ஒருநாள் ஓய்வெடுத்தன. அப்பா வாசலில் உட்கார்ந்து, "ஒரு நாள்ல என்ன ஆயிடப்போகுது" என்றார். வேண்டிய அளவு கத்திவிட்டு, பொரியைத் தின்றுகொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் சந்தனம் காய்ந்து சுண்ணாம்பாக இறுகியிருந்தது. ஊக்கால் சுரண்டினேன். துணியால் துடைத்தேன். அரிசி டப்பாவில் புதைத்து வைத்துப் பார்த்தேன். கடைசியில் செருகியபோது குட்டித் திரையில் நாலு கோடு மின்னிவிட்டு அணைந்தது. அதற்குப் பிறகு அது கண் திறக்கவில்லை.

அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. "வீடு போச்சா?" என்று கேட்டாள். போகவில்லை, புதுக் கருவி வாங்கிச் சொற்களைக் கொடுத்தால் அப்படியே இருக்கும் என்று சொன்னேன். சொன்னேனே தவிர, எனக்கே அது நிச்சயம் இல்லை. அந்தச் சொற்களை நான் ஒரு தடவைகூடச் சரிபார்த்ததில்லை. எங்கேயாவது ஒரு சொல்லை மாற்றி எழுதியிருந்தால்? வரிசை பிசகியிருந்தால்? புதுக் கருவி வரும்வரைக்கும் எனக்கும் தெரியாது. இந்தப் பயத்தை நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றே தயாரிக்கும் கம்பெனியிடம் நேரடியாக ஒன்று கேட்டு ஆர்டர் போட்டேன். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கஸ்டம்ஸ் தாண்ட வேண்டும். தீபாவளிக்குள் வருமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. கொச்சியில் கிடைக்கும் என்று ஒருவர் சொல்ல, விடிந்ததும் பஸ் ஏறிப் போய்த் தேடினேன். ஒரே ஒரு கடையில் இருந்தது. பெட்டி பிரித்திருந்தது. "ஒருத்தர் வாங்கித் திருப்பிக் கொடுத்தது, புதுசுதான்" என்றார் கடைக்காரர். உள்ளே சொற்கள் எழுதும் அட்டையில் ஏற்கெனவே யாரோ சொற்களை எழுதி வைத்திருந்தார்கள். இதையே வைத்துக்கொள்ளுங்கள், வேலை மிச்சம் என்றார். அடுத்தவன் சொற்களில் என் பணத்தைப் போட்டால் அது அடுத்தவன் பணம். கடைக்காரருக்கு இது தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் மலையேறினேன்.

அதற்குள் வீட்டில் வேறு முடிவு எடுத்திருந்தார்கள். அத்தான் கடையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். அம்மா, அக்கா இருவரும் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அத்தான் நாற்காலியைத் திருப்பி எனக்குப் போட்டார். திரையில் என் வாலட் கம்பெனியின் அதே சின்னம், அதே நிறம். அதன் கீழே வெறும் கட்டங்கள், இருபத்து நான்கு.

"புது மெஷினெல்லாம் எதுக்கும்மா? இந்த சாஃப்ட்வேர்லயே எடுத்துரலாம். உன் வார்த்தைய மட்டும் டைப் பண்ணு. ரெண்டே நிமிஷம்" என்றார் அத்தான்.

"இத எங்கருந்து எடுத்தீங்க அத்தான்?"

"தேடுனேன். மொதல்லயே வந்துச்சு."

மொதல்லயே வந்ததுதான் எனக்கு இடித்தது. விளம்பரத்துக்குக் காசு கட்டுகிறவன் எவனாக இருந்தாலும் தேடலில் முதலாவதாக வந்து நிற்பான். உண்மையான கம்பெனியின் செயலி கம்ப்யூட்டரில் சொற்களைக் கேட்கவே கேட்காது. கருவியில்தான், அந்த இரண்டு பொத்தான்களை அமுக்கி அமுக்கித்தான், கொடுக்கச் சொல்லும். அதுதான் அந்தக் கருவி இருப்பதன் அர்த்தமே. இங்கே கருவியே இல்லாமல் திரை வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"இதுல போட மாட்டேன்" என்றேன்.

"நெட்டக் கழட்டிட்டுப் போடுறியா?" என்று அத்தான் வயரைப் பிடுங்கியே காட்டினார்.

"போட்டது உள்ளயே கெடக்கும். நாளைக்கு நீங்க நெட்ட மாட்டுனதும் கெளம்பிப் போயிரும்."

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "தீபாவளிக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு? அந்தாளு வித்துட்டுப் போயிட்டா எங்க போறது? மாப்ள முன்னாடி என்னைய அசிங்கப்படுத்தாத."

"அசிங்கம்னா அசிங்கந்தாம்ப்பா. வார்த்தையக் குடுக்க மாட்டேன்."

அக்கா அழ ஆரம்பித்தாள். "உங்க அத்தான நம்பலையா நீ? உன் லேப்டாப்ப சரி பண்ணிக் குடுத்தது அவருதான? ஊரே அவர நம்புது."

"அத்தான நம்புறேன். அத்தானோட கம்ப்யூட்டர நம்பல."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அக்கா.

எங்கள் சண்டை முழுவதும் அந்த இரண்டு சொல்லில் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு மனிதர் வேறு, மெஷின் வேறு இல்லை. மலையில் ஒருவரை ஒருவர் நம்பித்தான் பிழைத்தோம். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் எல்லாப் பெண்களும் மலையேறினார்கள். மறைத்து வைப்பது என்றாலே எதிரில் இருப்பவரைத் திருடன் என்று சொல்வதாக அர்த்தம். அத்தானின் முகம் சுருங்கிப்போனது. அவர் திருடமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஊரே வந்து போன் செருகுகிற, பென்டிரைவ் செருகுகிற, யார் யாரோ என்னென்னவோ இறக்கி வைத்திருக்கிற அந்த மெஷினுக்குள் உட்கார்ந்திருப்பவன் யார் என்று அவருக்கே தெரியாது. அதை நான் விளக்கி விளக்கிச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததெல்லாம், கொழுந்தியாள் நம்மைத் திருடன் என்கிறாள் என்பது மட்டும்தான்.

எழுந்து வந்துவிட்டேன். பின்னால் யாரும் கூப்பிடவில்லை.

ஆனைக்கரை வீட்டுக்காரருக்கு டாங்கி மேல் உட்கார்ந்து போன் செய்தேன். பணம் இருக்கிறது, எடுக்கும் கருவிதான் வழியில் இருக்கிறது, ஒரு பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் சேட்டா என்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். பிளேன் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, காத்திருக்கிற ஆள் ரொக்கத்தோடு நிற்கிறார் என்றார். அப்படியானால் அவருக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். சொல்லி முடித்துப் போனை வைத்த பிறகு அழுதேன். அந்த அடுப்படி ஜன்னல் எனக்கும் பிடித்திருந்தது.

தீபாவளி வந்தது. எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்தாள் அம்மா, ஆனால் யாருக்கும் முறுக்கு இறங்கவில்லை. அட்வான்ஸில் பாதியை வீட்டுக்காரர் திருப்பிக் கொடுத்தார், அதற்கே அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அப்பா என்னிடம் பேச்சை நிறுத்தினார். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அம்மாவைப் பார்த்து, "அவளக் கொண்டாரச் சொல்லு" என்பார், நான் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

இதில் ஒரு கொடுமை உண்டு. திருட்டுப் போயிருந்தால் ஊரே கூடி அழும், போலீஸுக்கு ஓடும், இப்படி ஆகிவிட்டதே என்று ஆறுதல் சொல்லும். திருட்டுப் போகாமல் காத்தவளுக்கு என்ன இருக்கிறது? எதுவும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றை எடுத்துக் காட்ட முடியாது. அந்தத் திரைக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு கள்ளன் இருந்தான் என்று இன்றுவரைக்கும் நான் யாருக்கும் நிரூபிக்கவில்லை. மறுபடி நெட்டில் அதைத் தேடிப் போனபோது அந்த இணையப் பக்கமே இல்லை. "பாத்தியா, உன் சந்தேகத்துக்கு ஒரு ஆதாரமும் இல்ல" என்றாள் அக்கா. ஆதாரம் வேண்டுமென்றால் வீட்டுப் பணத்தை அதில் போட்டுத்தான் பார்த்திருக்க வேண்டும்.

கார்த்திகை பாதியில் கருவி வந்தது. டவுனுக்குப் போய் வாங்கிவந்தேன். பெட்டியின் ஒட்டு பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். உள்ளே அட்டை வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பொத்தானை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஒவ்வொரு சொல்லாக ஏற்ற வேண்டும். அவசரமாக அமுக்கி, தப்பான எழுத்துக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தேன். கடைசிச் சொல்லைப் போட்டதும் கருவி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சரி என்றது. லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். போட்டது போட்டபடி இருந்தது, ஒன்றும் குறையவில்லை.

கதவைத் திறந்து அப்பாவைக் கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "அப்ப, அன்னைக்கே எடுத்திருந்தாலும் இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும்ப்பா. நமக்கு இருந்திருக்காது."

அவர் நிமிர்ந்து வெளியே போய்விட்டார்.

வருஷம் முடிந்து அப்பா ரிட்டயர் ஆனார். தோட்டத்தில் மாலை போட்டார்கள், டீயும் மிக்சரும் கொடுத்தார்கள், லயத்து வீட்டை ஒப்படைத்தோம். பட்டயம் சுத்தமாக இருக்கும் இன்னொரு வீடு அதற்குள் கிடைக்கவில்லை. போக்கிடம் ஒன்றுதான் இருந்தது. அத்தான் வீடு. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மூட்டை முடிச்சோடு போய் உட்காருவது அப்பா மாதிரி ஆளுக்கு எப்படி இருக்கும் என்று நம் ஊர் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜீப்பிலிருந்து பாத்திர மூட்டையை இறக்கும்போது அப்பா தெருவைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. அப்பாவுக்கு முன்னறையில் கட்டில் போட்டார். எனக்கு வேலை செய்ய மாடியில் மேசை போட்டு, நெட்டும் கொடுத்தார். அவர் குத்திக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அக்கா மட்டும் சோறு போடும்போது கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே நானும் பலமுறை என்னைக் கேட்டுக்கொண்டேன், மறுபடி அதே நாற்காலியில் உட்காரவைத்தால் சொல்வாயா என்று. மாட்டேன். வெட்கமாக இருந்தது, அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் மாட்டேன். அத்தானிடமும் ஒருநாள் மாடிப்படியில் நிறுத்திச் சொன்னேன். "அத்தான், உங்க சோத்தத் தின்னுக்கிட்டே சொல்லுறேன்னு நெனைக்காதீங்க. அந்த மெஷின்ல நான் அன்னைக்கும் போட மாட்டேன், இன்னைக்கும் போட மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "தெரியும்மா. அதுக்குத்தான் மாடியில தனி மேச போட்டது" என்றார்.

சித்திரையில் வீடு கிடைத்தது. அதுவும் ஆனைக்கரைதான், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஏற்றத்தில், மூன்றே சென்ட். மேலே தகர ஷீட். அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது, சுவரில் நாலு ஓட்டை. பட்டயம் சுத்தமாக இருந்தது. வீட்டுக்கு வேண்டிய அளவு கிரிப்டோவை முறைப்படி விற்று, வரியைக் கட்டி, பணத்தை பேங்குக்குக் கொண்டுவந்தேன். அனுப்பும்போது முகவரியைக் கருவியின் குட்டித் திரையில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தேன். மாடியில் துணி காயப்போட வந்த அக்கா, மந்திரம் ஓதுறியா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பத்திரம் எழுதுகிற இடத்தில் அப்பா, "மாப்ள பேருல எழுதிரலாம். ஆம்பளப் பேரு இருந்தா நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா நிக்கும்" என்றார். அத்தான் வேண்டாம் என்று கையசைத்தார். நான் எழுதுகிறவரிடம் அம்மாவின் பேரைச் சொன்னேன். அப்பா என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அம்மா கையெழுத்துப் போடும்போது பேனாவை அழுத்தியதில் காகிதம் லேசாகக் கிழிந்தது.

குடிபோன அன்று மத்தியானம், பால் காய்ச்சிக் குடித்துவிட்டு எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஆசாரி கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டிவிட்டு இரண்டு சாவியை நீட்டினார். லயத்தில் எந்த வீட்டுச் சாவியும் நிலைப்படிக்கு மேலேதான் கிடக்கும். கங்காணிக்கும் தெரியும், பூனைக்கும் தெரியும். அப்பா பழக்கத்தில் ஒன்றை வாங்கி, "இத மாப்ளகிட்ட குடுத்து வெப்போம். அவசரம் ஆத்திரத்துக்கு ஆகும்" என்றார். அத்தானும் கையை நீட்டிவிட்டார்.

அம்மா எழுந்து வந்து அப்பா கையிலிருந்த சாவியை எடுத்தாள். ஆசாரி கையிலிருந்ததையும் எடுத்தாள். இரண்டையும் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "மாப்பிள்ளை தப்பா நெனைக்காதீங்க, உங்கள நம்பாம இல்ல" என்றாள். அத்தான் நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

எனக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. "சரிம்மா, அதுல ஒண்ணு எனக்குக் குடு" என்று கையை நீட்டினேன்.

"உனக்கு எதுக்கு?"

"என்னாம்மா, நான்தான வாங்குனேன் இந்த வீட்ட?"

"பத்திரத்துல யாரு பேரு இருக்கு?" என்று கேட்டாள் அம்மா.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. பிறந்ததிலிருந்து இருந்த எந்த வீடும் அவள் பேரில் இருந்ததில்லை. நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"வெளிய போயிட்டு வந்தா கதவத் தட்டு. நான் இருந்தா தொறக்குறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.